கடல்சார் மியூசியத்துக்கு எட்டாம் வகுப்பு: எல்லாம் பார்க்க வேண்டுமா, மூன்று பொருள் போதுமா?

சாக்பீஸ் எழுதியது:

வரலாறு எடுக்கும் ஆசிரியை நான். அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்பைக் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் முந்தைய வகுப்பு போனபோது ஒத்தாசைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அங்கே கண்டதற்குப் பிறகு பழைய முறையில் செய்ய மனம் வரவில்லை.

நாலு பக்க ஒர்க்‌ஷீட் கொடுத்திருந்தார்கள். கப்பலின் நீளம் என்ன, எந்த ஆண்டு கட்டியது, எத்தனை பீரங்கி என்று வரிசையாகக் கேள்விகள். பதிலெல்லாம் விளக்கப் பலகையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் பலகையிலிருந்து பலகைக்கு ஓடினார்கள். வேகமாக எழுதுகிறவளைச் சுற்றி ஒரு கூட்டம், மற்றவர்கள் அவளைப் பார்த்துக் காப்பி. ஒரு பையன் ஆளுயர நங்கூரத்தின் மேல் தாளை வைத்துக்கொண்டு, நங்கூரத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். நங்கூரத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் யோசனை இதுதான்: மூன்றே மூன்று பொருட்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இருபது நிமிடமாவது உட்கார வைப்பது. மீதி நேரம் அவர்கள் இஷ்டம். தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். “அவ்வளவு தூரம் பஸ் வைத்துப் போய் மூணு சாமானைப் பார்த்துட்டு வர்றதா?” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? எந்த மூன்றை எடுப்பது?

கடைசிபெஞ்ச் எழுதியது:

மேடம், பள்ளியில் படிக்கும்போது இப்படி ஒரு மியூசியத்துக்குப் போனதில் எனக்கு இன்றுவரை நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று. பாய்மரக் கப்பலின் கழிப்பறை. கப்பலின் முன்முனையில், அலைக்கு நேர் மேலே, ஓட்டை போட்ட பலகை. அவ்வளவுதான். எத்தனை பீரங்கி இருந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

ஊமைவெயில் எழுதியது:

கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். நானும் ஆசிரியர்தான், கணக்கு. ஒரு நாள் முழுதாகப் போகிறது. முந்தைய நாள் அனுமதிக் கடிதம், அடுத்த நாள் தூக்கம். அதே கப்பலை வகுப்பிலேயே பெரிய திரையில் உள்ளே புகுந்து சுற்றிப் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மூன்று பொருளைத்தான் பார்க்கப் போகிறோம் என்றால் அதற்குப் பயணம் எதற்கு?

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

நான் அருங்காட்சியகம் ஒன்றின் கல்விப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எது, எங்கே என்பது வேண்டாமே.

முதலில் சாக்பீஸ் மேடத்துக்கு: மூன்று சரியான எண்ணிக்கை. என்னைக் கேட்டால் இரண்டுகூடப் போதும். ஒரு மணி நேரம் தாண்டினால் பெரியவர்களே கண்ணை மட்டும் அலையவிட்டுக்கொண்டு நடப்பார்கள், பிள்ளைகள் எம்மாத்திரம்.

1978லேயே ஜான் ஃபாக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். முன்பின் தெரியாத இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் கவனம் முதலில் இடத்தின் மேல்தான் போகும், பாடத்தின் மேல் போகாது. எங்கே வாசல், எங்கே சாப்பாடு, எங்கே டாய்லெட், இந்த இருட்டு மூலையில் என்ன. அது அடங்கும்வரை நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அதனால் போவதற்கு முன்பே தரைத்தள வரைபடத்தைக் காட்டுங்கள், வாசல் படத்தைக் காட்டுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதையும் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா சுற்ற விடுங்கள். பல பள்ளிகள் அதைத்தான் வெட்டுகிறார்கள், ‘நேரம் வீணாகிறது’ என்று.

ஊமைவெயில் சாருக்கு: 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆர்கன்ஸாஸ் மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது விண்ணப்பித்த பள்ளிகள் ஏராளம். குலுக்கல் போட்டுத்தான் முதலில் யார் வரலாம் என்று முடிவு செய்தார்கள். குலுக்கல் என்பதால் ஒப்பிடுவது எளிதாகிவிட்டது. ஏறத்தாழ 11,000 மாணவர்கள். போய் வந்தவர்கள், முன்பு பார்த்திராத ஓவியம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னபோது கூர்மையாகக் கவனித்து எழுதியிருந்தார்கள். கிராமப்புறப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகளிடமும் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. அது கலை, இது கப்பல், ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வீட்டில் யாரும் அழைத்துப் போக முடியாத பிள்ளைக்குப் பள்ளிதான் ஒரே வழி என்பதை மறுக்க மாட்டீர்கள்.

பிசிக்ஸ்வாத்தியார் எழுதியது:

வந்துவிட்டேன். கப்பல் என்றாலே இயற்பியல்தான், வரலாறு சும்மா ஒட்டிக்கொண்டு வருவது. (சாக்பீஸ் மேடம் அடிக்க வராதீர்கள்.)

ஸ்டாக்ஹோமில் இருக்கும் ‘வாசா’ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஒன்றே கால் கிலோமீட்டர் சொச்சம்கூடப் போயிருக்காது, ஒரு காற்று வீசியது, சாய்ந்தது, கீழ்வரிசைப் பீரங்கித் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது, மூழ்கிவிட்டது. போர் இல்லை, புயல் இல்லை. 64 பீரங்கி, இரண்டு அடுக்கு. மேல்பாரம் அதிகம், அடியில் அதற்கு ஈடுகட்டும் பாரக்கற்கள் போதாது.

சுவையான பகுதி அதற்கு முன்னால் நடந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சேர்ந்தாற்போல் ஓட விட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை! அரசர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வடிவமைத்தவர் முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: யார் தவறு? அரசரா, தச்சரா, சோதனையைப் பார்த்தும் வாய் திறக்காதவரா? அரை மணி நேரம் வகுப்பு தானாக ஓடும். உங்கள் மியூசியத்தில் வாசா இருக்காது, தெரியும். ஏதாவது ஒரு போர்க்கப்பலின் மாதிரி வடிவம் இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, கீழ்வரிசைத் துவாரத்துக்கும் நீர்மட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் அளக்கச் சொன்னால் போதும்.

போவதற்கு முன் வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு நாணயங்களை அடியில் போடுங்கள். நிமிர்ந்து நிற்கும். அதே நாணயங்களை மூடிமேல் ஒட்டிப் பாருங்கள். அப்புறம் டப்பாவுக்குள் கொஞ்சம் தண்ணீரையே ஊற்றி ஆட்டிப் பாருங்கள். சாய்ந்த பக்கமே தண்ணீரும் ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். 1987ல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ படகுக்கு நேர்ந்தது இதுதான். முன்கதவை மூடாமலே புறப்பட்டது, வாகனத் தளத்தில் தண்ணீர் பரவியது, 193 பேர் இறந்தார்கள். 359 ஆண்டு இடைவெளியில் இரண்டு கப்பல்களும் திறந்த கதவால்தான் போயின.

சுக்கான் எழுதியது:

வணிகக் கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிசிக்ஸ் சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஒரு சேர்க்கை மட்டும்.

பெரிய சரக்குக் கப்பலின் மாதிரி வடிவத்தில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும், அதன் அருகே ஏணிப்படி போல் சின்னக் கோடுகளும் இருக்கும். பிளிம்சால் கோடு என்பார்கள். அளவுக்கு மீறி ஏற்றி, மூழ்கினால் காப்பீட்டுப் பணம் என்று சில முதலாளிகள் இருந்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் சண்டை போட்டதன் விளைவு 1876 சட்டம். விளக்கப் பலகையில் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பிள்ளைகள் கேட்க வேண்டியது: ஒரு கோடு போதாதா, ஏன் இத்தனை?

நன்னீரில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும், அதனால் நன்னீர்க் கோடு மேலே இருக்கும். அது அடர்த்தி. ஆனால் கோடைக் கோடு, குளிர்காலக் கோடு, குளிர்கால வட அட்லாண்டிக் கோடு என்று பிரித்தது அடர்த்திக்காக இல்லை. அந்தக் காலத்தில், அந்தக் கடலில் அலை பேய் மாதிரி இருக்கும். அதனால் குறைவாக ஏற்று, உயரமாக மித என்கிறது சட்டம். அடர்த்தி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். குளிர்கால வட அட்லாண்டிக் கோடுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. பழைய கப்பலில் வேகத்தை அளக்க, கயிற்றின் நுனியில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போகிறதோ அத்தனை நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்). பள்ளி வராந்தாவில் 14.4 மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பிள்ளைகளை 28 விநாடி நடக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக நடந்தாலே இரண்டரை நாட் வந்துவிடும். அந்த வேகத்தைக் காலில் உணர்ந்த பிறகு மியூசியத்தில் கயிற்றுச் சுருளைக் காட்டுங்கள். அதை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

கடைசிபெஞ்ச் தம்பி, முன்முனையில் ஏன் வைத்தார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? பாய்மரக் கப்பலுக்குக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும். நாற்றம் முன்னால் போய்விடும், அலை கழுவிவிடும். கேப்டன் பின்பக்கம் குடியிருந்தார். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, இதை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் நான் இயற்பியலில் பாஸாகியிருப்பேன்.

மாடிப்படி எழுதியது:

பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு குரல். எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். என் மகன் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறான். முன்பு ஒரு பயணத்தில் மற்றவர்கள் எல்லாம் பழைய கப்பலுக்குள் ஏணியில் இறங்கிப்போனார்கள். இவன் வெளியே ஒரு ஆசிரியையோடு உட்கார்ந்திருந்தான். அந்த ஆசிரியை மேல் எனக்கு வருத்தமில்லை, பாவம் அவரும் உள்ளே போகவில்லை. ஆனால் திரும்பி வந்த பிள்ளைகள் எல்லாம் கீழ்த்தளத்தைப் பற்றியே பேசினார்கள். மூன்று பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றும் எல்லாரும் போகக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரலாறும் இயற்பியலும் அப்புறம்.

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

மாடிப்படி சொன்னதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: லிஃப்ட் எந்தத் தளம் வரை, கப்பலுக்குள் எந்தப் பகுதி சமதளம், இறங்க முடியாத இடத்துக்குப் படமோ மாதிரியோ உண்டா. பெரும்பாலான இடங்களில் தொட்டுப் பார்க்கும் பொருட்கள் ஒரு பெட்டியில் இருக்கும். கப்பித் துண்டு, பாய்த்துணி, தார் பூசிய கயிறு. அதைக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தார்க் கயிற்றை மூக்கருகே கொண்டுபோகும்போது பிள்ளைகள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! அதைத் திரையில் காட்ட முடியாது, ஊமைவெயில் சார்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். பேனா வேண்டாம், பென்சில். முதுகுப்பை வாசலிலேயே வைத்துவிடட்டும், திரும்பும்போது அதுதான் கண்ணாடியில் இடிக்கும். ஒரு பொருளைச் சுற்றிப் பன்னிரண்டு பேருக்கு மேல் நின்றால் பின்வரிசைக்கு முன்வரிசையின் தலைதான் தெரியும். குழுவாகப் பிரித்து, மூன்று பொருளுக்கும் சுழற்சியில் அனுப்புங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சங்கடமான கேள்வி. அங்கே அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றி ஒரு அறை இருக்கிறது. அடிமைகளை நெருக்கிப் படுக்கவைத்திருப்பதைக் காட்டும், 1788ல் அச்சிட்டுப் பரப்பிய ‘புரூக்ஸ்’ கப்பலின் தள வரைபடம் சுவர் முழுக்க. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அந்த அறையைத் தவிர்க்கலாமா? ஒரு சக ஆசிரியர், தரையில் டேப் ஒட்டி ஒரு ஆளுக்கு ஒதுக்கிய இடத்தை அளந்து, அதில் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பார்க்கலாம், உணர்வார்கள் என்கிறார்.

பிசிக்ஸ்வாத்தியார் எழுதியது:

டேப் யோசனை நன்றாகத்தானே இருக்கிறது? உடம்பால் உணர்ந்தது மறக்காது. சுக்கான் சாரின் வராந்தா நடையும் அதே வழிதான்.

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். நடந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல சார். வேகத்தை உடம்பால் உணரலாம். அடிமைப்பட்டதை ஐந்து நிமிடம் படுத்து உணர முடியாது. இரண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒரு பிள்ளை அழும், வெளியே வரும்போது அது விளையாட்டாகியிருக்கும். டேப்பை ஒட்டுங்கள், அளவைப் பார்க்கட்டும், யாரும் படுக்க வேண்டாம்.

தவிர்க்கவும் வேண்டாம். ஒன்றே கால் கோடி ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றினார்கள், கரை சேர்ந்தது ஒரு கோடியே சொச்சம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. கடல் வரலாறு என்று சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போனால் மீதி எல்லாம் பொம்மைக் கப்பல் கண்காட்சிதான். வரைபடத்தின் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை வரைந்தது யார், எதற்காக? அது கப்பல்காரர்கள் விளம்பரத்துக்குப் போட்ட படம் இல்லை. அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள், நாடாளுமன்றத்தையும் பொதுமக்களையும் உலுக்குவதற்காக அச்சிட்டது. அந்தப் படத்தில் மனிதர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, முகமில்லாமல் இருப்பதையும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கவனிப்பார். கவனித்தால் அதைப் பேச விடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். முந்தைய நாளே வகுப்பில் இந்த அறை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வெளியே நிற்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஆசிரியர் துணை நிற்கட்டும்.

மாடிப்படி எழுதியது:

பெற்றோருக்கும் முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்துதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஊமைவெயில் எழுதியது:

சரி, பயணம் வேண்டாம் என்பதை விட்டுவிடுகிறேன். தார்க் கயிறு கொஞ்சம் அசைத்துவிட்டது. ஆனால் கணக்கு ஆசிரியனாக ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் எல்லாரும் கதை சொல்கிறீர்கள். மியூசியமும் கதைதான் சொல்கிறது. ‘இந்தக் கப்பல் இந்த ஆண்டு, இந்த ஊரில் கட்டப்பட்டது’ என்று பலகை சொன்னால் பிள்ளை நம்பிவிடுகிறது. எப்படித் தெரியும் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? மூன்று பொருளிலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதுமே.

டென்மார்க்கில் ராஸ்கில்டா என்ற ஊர். அங்கே கடல்வழியை அடைப்பதற்காக 11ஆம் நூற்றாண்டில் மூழ்கடித்த ஐந்து வைக்கிங் கப்பல்களை, 1962ல் சுற்றிலும் தடுப்பு எழுப்பித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டி எடுத்தார்கள். அதில் பெரிய போர்க்கப்பலின் ஓக் பலகைகளில் உள்ள ஆண்டு வளையங்களை எண்ணி, அகலத்தையும் நெருக்கத்தையும் வெவ்வேறு ஊர் மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மரம் டென்மார்க் மரமே இல்லை. அயர்லாந்தின் டப்ளின் பக்கத்து மரம், 1042 வாக்கில் வெட்டியது. இது எண்ணிக்கையும் ஒப்பீடும், அதாவது என் பாடம். அதே கப்பலின் நகலைக் கட்டி 2007ல் டப்ளினுக்கு ஓட்டியும் போனார்கள்.

ஒரு மரத்துண்டின் குறுக்குவெட்டை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் மேடம். கணக்கு வகுப்பில் நானே எடுப்பேன்.

சுக்கான் எழுதியது:

இப்படி ஒரு கணக்கு வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லையே!

இதோடு ஒரு கப்பலை மூன்றாவதாகச் சேர்க்கலாம். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998ல் கிடைத்த அரபுக் கப்பல். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்தது. உள்ளே சீனப் பீங்கான் சுமார் 60,000. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதியே பொறித்திருக்கிறது. பொருட்கள் இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில். ஒரு கிண்ணத்தின் படத்தைக் காட்டி, 826 என்று எழுதியிருப்பதால் கப்பலும் அதே ஆண்டில் மூழ்கியது என்று சொல்லலாமா என்று கேளுங்கள். சொல்ல முடியாது. அதற்கு முன்னால் மூழ்கியிருக்காது என்றுதான் சொல்லலாம். அந்த வித்தியாசத்தைப் பிடித்த பிள்ளைக்கு வேறு மதிப்பெண் வேண்டாம்.

சாக்பீஸ் எழுதியது:

தலைமையாசிரியரிடம் பேசினேன். “மூன்று பொருள்” என்று சொன்னால்தான் அவருக்குக் குறைவாகத் தெரிகிறது. “மூன்று விசாரணை” என்றேன், உடனே தலையாட்டினார். என்ன செய்வது, சில நேரம் அப்படித்தான்.

முடிவானது இது. போர்க்கப்பல் மாதிரி, பிளிம்சால் கோடு, புரூக்ஸ் வரைபடம். மூன்றும் லிஃப்ட் போகும் தளத்தில்தான் இருக்கின்றன, போன் செய்து கேட்டுவிட்டேன். ஒர்க்‌ஷீட் கிடையாது. ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள், ஒரு பென்சில். ஒரு பக்கம் கண்ணால் கண்டதை வரைய, மறுபக்கம் ‘எப்படித் தெரியும்?’ என்று ஒரே கேள்வி. திரும்பி வந்ததும் பரீட்சை வைக்கச் சொல்கிறார்கள், அதை எப்படித் தட்டிக்கழிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

பரீட்சைக்குப் பதிலாக விளக்கப் பலகை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வரைந்த பொருளுக்கு அவர்களே, ஐம்பது சொல்லுக்குள். மதிப்பெண் போட வேண்டுமென்றால் அதற்குப் போடலாம், தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார். நல்லதாக நாலைந்தைத் தேர்ந்தெடுத்து அந்த மியூசியத்துக்கே அனுப்பிவையுங்கள். எங்களுக்கு இப்படி வந்தவற்றில் இரண்டைப் பார்த்து, எங்கள் பலகையையே திருத்தியிருக்கிறோம்.

ஊமைவெயில் எழுதியது:

ஐம்பது சொல் என்பதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள் மேடம். இல்லாவிட்டால் இணையத்திலிருந்து இரண்டு பக்கம் வரும்.